அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துக்குக் கூட்டம் எப்படிச் சேருகிறது?

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணி 2017இலிருந்து 2023 வரை ஏழு சீசன் ஆடியது. ஏழிலும் வெற்றியைவிடத் தோல்விதான் அதிகம். ஆனால் லிங்கன் நகரில் உள்ள அதன் மைதானத்தில், கொரோனாவுக்காகக் கதவடைத்த 2020ஐ விட்டுவிட்டால், டிக்கெட் மிஞ்சிய ஆட்டம் என்று ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்வது அங்கே 1962 நவம்பர் 3ஆம் தேதி தொடங்கிய வழக்கம். 2024 செப்டம்பரில் அது 400ஆவது ஆட்டத்தைத் தொட்டது.

ஜெயிக்கிற அணிக்குக் கூட்டம் வரும், தோற்கிற அணிக்கு வராது. கேட்டவுடன் யாருக்கும் தோன்றும் விடை இதுதான். தப்பான விடை இல்லை. ஆனாலும் ஏழு வருடம் தோற்ற அணியின் அரங்கம் ஏன் காலியாகவில்லை என்பதற்கு அதில் பதில் கிடையாது.

ஆட்டத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது. ஆடுபவர்கள் கல்லூரி மாணவர்கள். பார்க்க வருபவர்களோ பெரும்பாலும் மாணவர்கள் அல்ல. பழைய மாணவர்கள், உள்ளூர்க்காரர்கள், அந்தக் கல்லூரி வாசலையே மிதிக்காத ரசிகர்கள். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் 1,07,601 இருக்கைகள். பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம், டென்னசி ஆகியவற்றின் மைதானங்களும் லட்சத்தைத் தாண்டியவை. கோடி கோடியாகச் சம்பளம் கொடுக்கும் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில்கூட வழக்கமான இருக்கை எண்ணிக்கை லட்சத்தைத் தொடும் அரங்கம் கிடையாது.

இவ்வளவு பெரிய அரங்கம் நிறைவதற்கு முக்கியமான காரணம், ஆட்டங்கள் குறைவு என்பதுதான். ஒரு கல்லூரி அணி சாதாரண சீசனில் 12 ஆட்டம் ஆடும். அதில் சொந்த ஊரில் நடப்பது ஆறோ ஏழோ. பேஸ்பால் அணி ஒன்று சீசனுக்கு 81 ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் ஆடுகிறது. இன்று தவறினால் நாளை பார்த்துக்கொள்ளலாம். கல்லூரிக் கால்பந்தில் அப்படி முடியாது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏழே சனிக்கிழமைகள். அந்தச் சனிக்கிழமைகளுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. 1961இல் வந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், செப்டம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை வெள்ளி மாலையையும் சனிக்கிழமையையும் என்எஃப்எல் ஆக்கிரமித்துவிடாதபடி பார்த்துக்கொள்கிறது. வெள்ளி பள்ளி அணிகளுக்கு, சனி கல்லூரிகளுக்கு, ஞாயிறு தொழில்முறைக்கு என்று அமெரிக்க வார இறுதி பங்கு பிரிந்திருப்பதற்குப் பின்னால் வழக்கம் மட்டுமல்ல, சட்டமும் இருக்கிறது.

கூட்டம் என்று நாம் சொல்லும் எண்ணுக்குள் இரண்டு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. டிக்கெட் வாங்குவது ஒன்று. அந்த நாளில் வீட்டைவிட்டுக் கிளம்புவது இன்னொன்று. முதல் முடிவைப் பலர் சீசன் தொடங்க மாதக்கணக்கில் இருக்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதை அன்று காலையில் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் காரணங்கள் வேறு. பெரும்பாலான விவாதங்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன. நம் மார்கழி சபாக்களில் நன்கொடையாளர் வரிசை விற்றுத் தீர்ந்தும் காலியாகக் கிடக்க, ஆள் கேன்டீனில் இருப்பாரே, அந்தக் கதைதான்.

ஆட்டம் முடிந்ததும் அறிவிக்கப்படும் எண் பெரும்பாலும் முதல் முடிவின் எண். விற்ற டிக்கெட்டும் இலவசமாகக் கொடுத்ததும் அதில் சேரும். சில இடங்களில் பேண்டு வாத்தியக்காரர்களும் பத்திரிகையாளர்களும் காவலுக்கு நிற்பவர்களும்கூடத் தலைக்கணக்கில் வந்துவிடுவார்கள். வாசலில் ஸ்கேன் ஆன டிக்கெட் எத்தனை என்பது தனிக் கணக்கு; அதைப் பல்கலைக்கழகங்கள் தாமாக வெளியிடுவது அரிது. 2018இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டது. அறிவித்தது 100 என்றால் உள்ளே வந்தது சராசரியாக 71தான். சிறிய பல்கலைக்கழகங்களுக்கு எண்ணைத் தூக்கிக் காட்ட இன்னொரு நெருக்கடியும் இருந்தது. முதல் பிரிவின் உயர்தட்டில் நீடிக்கச் சராசரியாக 15,000 பேரைக் காட்ட வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ நெடுங்காலம் விதி வைத்திருந்தது. விளம்பரதாரர் பணத்தில் தாங்களே டிக்கெட்டை வாங்கிக் கணக்கை நேர் செய்தவர்கள் உண்டு. ஆகவே இந்த விஷயத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் அது விற்றதா, வந்ததா என்று கேட்பது நல்லது.

முதல் முடிவை எடுத்துக்கொள்வோம். சீசன் டிக்கெட் விற்பனை வசந்த காலத்திலும் கோடையிலும் நடக்கிறது. அப்போது இந்த ஆண்டின் வெற்றி தோல்வி எதுவும் யாருக்கும் தெரியாது. பின் எதை நம்பி வாங்குகிறார்கள்? போன வருட ஆட்டத்தையும், வரப்போகும் வருடத்தின் மேல் வைக்கும் ஆசையையும் நம்பித்தான்.

ஆசை எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்குக் கொலராடோவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2022இல் அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில் ஜெயித்து 11இல் தோற்றது. அந்த டிசம்பரில் முன்னாள் என்எஃப்எல் நட்சத்திரம் டியான் சாண்டர்ஸைக் கோச்சாகக் கொண்டுவந்தார்கள். வாயும் கூலிங் கிளாஸும் சேர்ந்தே புகழ்பெற்ற மனிதர். அவருக்குக் கீழே அணி ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே சீசன் டிக்கெட் தீர்ந்துவிட்டது. 1996க்குப் பிறகு அங்கே அப்படி நடந்ததில்லை. ஏப்ரலில் நடந்த பயிற்சி ஆட்டத்துக்கே நாற்பதாயிரத்துக்கு மேல் கூட்டம். சீசன் முடிவில் கணக்கு 4 வெற்றி, 8 தோல்வி. உள்ளூர் ஆட்டங்கள் எல்லாமே அரங்கு நிறைந்தே நடந்தன. வெற்றிக்கு முன்னால் நம்பிக்கை விற்றுவிடுகிறது. தோல்வி அதே வருட டிக்கெட்டைத் தொடாது. அடுத்த வருடப் புதுப்பித்தலில்தான் கை வைக்கும்.

ஆசைக்கும் அடியில் இருப்பது பழக்கம். நெப்ராஸ்காவின் விடை இங்கேதான் கிடைக்கிறது. 1962இல் பாப் டெவனி கோச்சாக வந்தபோது அது பல ஆண்டுகள் தோற்றுக்கொண்டிருந்த அணி. 1970, 1971 இரண்டிலும் தேசிய சாம்பியன் ஆக்கினார். அவருக்குப் பின் வந்த டாம் ஆஸ்போர்ன் 1973 முதல் 1997 வரை 25 சீசன் இருந்தார். ஒரு சீசனில்கூட அவர் அணியின் வெற்றி ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. மேலும் மூன்று பட்டம். அந்த முப்பத்தைந்து வருடங்களில் தாத்தா வாங்கிய இருக்கை அப்பாவுக்குப் போனது, அப்பாவிடமிருந்து மகளுக்கு. இன்று தோற்கும் அணியைப் பார்க்க வருபவர்கள் அன்றைய வெற்றி சேர்த்துவைத்த கூட்டம். வெற்றிதான் கூட்டத்தைச் சேர்க்கிறது என்பது உண்மையே, ஆனால் அது ஒரு தலைமுறை தாமதமாகக் கணக்குத் தீர்க்கிறது.

போட்டிக்கு ஆள் இல்லாததும் உதவுகிறது. நெப்ராஸ்கா மாநிலத்தில் என்எஃப்எல் அணி இல்லை, என்பிஏ கூடைப்பந்து அணி இல்லை, முதல்தர பேஸ்பால் அணியும் இல்லை. மாநிலத்துக்கே ஒரு பெருமை, அது இந்த அணியின் சிவப்புச் சட்டை. ஆட்டத்தன்று ஓமஹா, லிங்கன் நகரங்களுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த மைதானம்தான் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். மக்கள்தொகைக் கணக்கும் அதற்கு ஒத்துவருகிறது.

இதில் கொஞ்சம் ஒப்பனையும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. 2021இல் டிக்கெட் மிஞ்சும் போலிருந்தபோது நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். விற்றுத் தீரும் தொடரும் காப்பாற்றப்பட்டது, பிள்ளைகளும் ஆட்டம் பார்த்தார்கள். எனக்கு இதில் குறை சொல்லத் தோன்றவில்லை. தொடர் அறுந்துவிடக்கூடாது என்ற பயம்கூடக் கூட்டத்துக்கு ஒரு காரணமாகிவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

நல்ல இருக்கைகளின் விலை டிக்கெட்டில் அச்சிட்ட தொகையோடு நிற்பதில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் நடுக்கோட்டுக்கு அருகே உட்கார, டிக்கெட் வாங்கும் உரிமைக்கே தனியாக நன்கொடை கட்ட வேண்டும். 2017 வரை அந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ள முடிந்தது. அந்த ஆண்டு நிறைவேறிய வரிச் சட்டம் இந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இத்தனை வருடமும் அரசாங்கமே மறைமுகமாக ஒரு பங்கு டிக்கெட் காசு கட்டிக்கொண்டிருந்தது என்றால் தப்பில்லை.

மாணவர்கள் விஷயம் தனி. அவர்களிடம் வரும் காசு சொற்பம். ஆனால் சத்தம் அவர்களுடையது, இருபது வருடம் கழித்து நன்கொடை கட்டப்போகிறவர்களும் அவர்கள்தான். மிச்சிகன் இதை மறந்த காலம் ஒன்று உண்டு. 2013இல் மாணவர்களுக்கு மூத்தவர் இளையவர் வரிசைப்படி இருந்த ஒதுக்கீட்டு முறையை எடுத்துவிட்டு, முந்தி வருபவருக்கு முன் இருக்கை என்றார்கள். 2014இல் மாணவர் சீசன் டிக்கெட் விலை 295 டாலராக இருந்தது. அணியும் சரியாக ஆடவில்லை. மாணவர் விற்பனை சரிந்தது, விளையாட்டுத் துறை இயக்குநர் அந்த அக்டோபர் இறுதியில் பதவி விலகினார், அடுத்த ஆண்டு விலையை 175 டாலருக்கு இறக்கினார்கள். விலையால் எவ்வளவு போனது, தோல்வியால் எவ்வளவு போனது, கோபத்தால் எவ்வளவு போனது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இந்தத் துறையை ஆராயும் பொருளாதார மாணவர்களுக்கு இதே தலைவலிதான்: காரணங்கள் கூட்டமாகவே வரும்.

இனி இரண்டாவது முடிவு. டிக்கெட் கையில் இருக்கிறது, சனிக்கிழமை விடிந்துவிட்டது. போவதா, வீட்டில் டிவி பார்ப்பதா?

எதிரணி யார் என்பதே முதல் கேள்வி. மிச்சிகன் மைதானத்தின் அதிகபட்சக் கூட்டமான 1,15,109 பேர் வந்தது 2013 செப்டம்பர் 7 இரவு, நோட்டர் டேம் அணிக்கு எதிராக. பழைய பகையும் இரவு வெளிச்சமும் சேர்ந்த ஆட்டம். டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் டெக்சஸ் பல்கலைக்கழகமும் 2011க்குப் பிறகு மோதவே இல்லை. 2024 நவம்பரில் மீண்டும் மோதியபோது லட்சத்துக்கு மேல் திரண்டார்கள். இதற்கு நேர் எதிர்முனையில் காசு கொடுத்து அழைக்கும் ஆட்டங்கள் இருக்கின்றன. பெரிய அணி ஒரு சிறிய கல்லூரிக்கு லட்சக்கணக்கில் டாலர் கொடுத்து, வந்து தோற்றுவிட்டுப் போகச் சொல்லும். எப்போதாவது கணக்கு தப்பும். 2007இல் அப்படி அழைக்கப்பட்ட அப்பலாச்சியன் ஸ்டேட், மிச்சிகனை அதன் வீட்டிலேயே 34–32 என்று சாய்த்தது. ஆனால் பெரும்பாலும் இடைவேளைக்குள் முடிவு தெரிந்துவிடும்.

முடிவு தெரிந்த ஆட்டத்துக்கு யார் வருவார்கள்? சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளாதார அறிஞர் 1956இல் பேஸ்பாலை வைத்து ஒரு வாதம் சொன்னார்: யார் ஜெயிப்பார் என்று தெரியாதபோதுதான் கூட்டம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்து ரசிகரை அது பாதிதான் பிடிக்கிறது என்பது என் எண்ணம். அவருக்குச் சரிசமப் போட்டி வேண்டாம். பெரிய பெயருள்ள எதிரி வர வேண்டும், வந்து தோற்க வேண்டும். ஆனால் ராட்டன்பெர்க் சொன்னது அலபாமாவில் பலித்தது. கோச் நிக் சேபன் பட்டம் மேல் பட்டம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் மாணவர் பகுதி நாலாவது கால்மணிக்குள் காலியாகிக்கொண்டிருந்தது. அவர் வெளிப்படையாகவே குறைபட்டுக்கொண்டார். 2019இல் பல்கலைக்கழகம் ஒரு செயலி கொண்டுவந்தது. மாணவரின் போன் எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, கடைசிக் கால்பகுதி வரை இருந்தால் இன்னும் 250 புள்ளி. சேர்ந்த புள்ளிக்கு இறுதிக்கட்ட ஆட்டங்களின் டிக்கெட்டில் முன்னுரிமை. தோற்ற நெப்ராஸ்காவில் அரங்கம் நிறைகிறது, ஜெயித்த அலபாமாவில் பிள்ளைகளைப் பிடித்துவைக்கச் செயலி தேவைப்படுகிறது.

அடுத்தது நேரம். நேரத்தைப் பல்கலைக்கழகம் முடிவு செய்வதில்லை, தொலைக்காட்சி முடிவு செய்கிறது. பல ஆட்டங்களின் தொடக்க நேரம் பன்னிரண்டு நாளுக்கு முன்புதான் தெரியும், சிலவற்றுக்கு ஆறே நாள். நான்கு மணி நேரம் கார் ஓட்டி வரவேண்டிய குடும்பத்துக்கு அது போதாது. பகல் பன்னிரண்டு மணி ஆட்டம் என்றால் டெயில்கேட் பாதியில் நிற்கும். கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பீரும் அரட்டையுமாக விடிகாலையிலிருந்து நடக்கும் கூடலுக்குத்தான் டெயில்கேட் என்று பெயர். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் குரோவ் தோப்பில் அது மேஜை விரிப்பும் சரவிளக்குமாக நடக்கும். பலர் அதற்காகவே வருகிறார்கள், ஆட்டம் உபரி.

ஆக மோசமான நேரம் வாரநாள் இரவு. ஒஹாயோ, மிச்சிகன் பகுதியின் சிறிய பல்கலைக்கழகங்கள் அடங்கிய மிட் அமெரிக்கன் கூட்டமைப்பு, நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் ஆடுகிறது. குளிர், மறுநாள் வகுப்பு, வேலை. பாதி பெஞ்சு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த இரவில் நாடு முழுவதும் பார்க்க வேறு ஆட்டம் இல்லாததால் ஒளிபரப்பு நேரம் மட்டும் உறுதியாகக் கிடைக்கிறது. தெரிந்தே செய்யும் பண்டமாற்று இது.

தொலைக்காட்சி கூட்டத்தைக் கெடுக்கும் என்ற பயம் புதிதல்ல. என்சிஏஏ 1951இலேயே அந்தப் பயத்தில் ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தி, எத்தனை ஆட்டம் காட்டலாம் என்று தானே அளந்து கொடுத்தது. 1984இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. பிறகு ஆட்டங்கள் திரையில் பெருகின; அரங்கங்கள் காலியாகவில்லை, இன்னும் பெரிதாகின. 2008இல் உயர்தட்டு ஆட்டங்களில் 46,000ஐத் தாண்டியிருந்த சராசரிக் கூட்டம், 2018இல்தான் 41,856க்கு வந்தது. 1996க்குப் பின் அதுவரை அதுவே குறைவு. பெரிய திரை மலிவானதும், விளம்பர இடைவேளையால் ஆட்டம் மூன்றரை மணி நேரத்தை நெருங்கியதும், நுழைவாயிலில் ஏறிய விலையும் சேர்ந்த விளைவு. டிவியில் ஆட்டம் வருவது மட்டும் ஆளை வீட்டில் உட்கார்த்துவதில்லை. டிவிக்காக ஆட்டத்தை வளைப்பதும் சேரும்போது உட்கார்ந்துவிடுகிறார்.

தூரமும் ஒரு காரணம். யுசிஎல்ஏ பல்கலைக்கழகம் தன் உள்ளூர் ஆட்டத்தை ஆடும் ரோஸ் பவுல் மைதானம் வளாகத்திலிருந்து ஏறக்குறைய 25 மைல். இடையில் லாஸ் ஏஞ்சலஸ் போக்குவரத்து. நகரத்தில் கடற்கரையும், இரண்டு என்எஃப்எல் அணிகளும், நூறு பொழுதுபோக்கும். மயாமி பல்கலைக்கழகத்துக்கும் இதே கதை. டுலேன் பல்கலைக்கழகம் இதை மாற்றிப் பார்த்தது: நியூ ஆர்லியன்ஸ் நடுவே பிரம்மாண்ட சூப்பர்டோமில் ஆடுவதை விட்டு, 2014இல் வளாகத்துக்குள்ளேயே முப்பதாயிரம் பேருக்குச் சின்ன மைதானம் கட்டிக்கொண்டது.

வானிலை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். செப்டம்பர் டெக்சஸ் வெயிலும் நவம்பர் மினசோட்டா குளிரும் ஏற்கெனவே டிக்கெட் வாங்கியவரைத்தான் தடுக்கும். பீர் விற்றால் கூட்டம் வருமா என்ற கேள்வியும் அடிக்கடி எழும். தென்கிழக்குக் கூட்டமைப்பான எஸ்இசி 2019இல் பொது இருக்கைகளில் மது விற்கத் தடையை நீக்கியது. வருமானம் கூடும் என்பதில் சந்தேகமில்லை. வீட்டில் இருப்பவரைக் கிளப்பிவிடும் அளவுக்கு அது பெரிய காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

இப்போது பல்கலைக்கழகங்கள் கட்டும் கட்டடங்களைப் பார்த்தால் யார் எந்தக் காரணத்தை நம்புகிறார்கள் என்பது தெரிந்துவிடும். சிகாகோவை ஒட்டியிருக்கும் நார்த்வெஸ்டர்ன், 47,000 பேர் உட்காரும் பழைய அரங்கத்தை இடித்தது. அங்கே மாணவர் எண்ணிக்கை குறைவு, பக்கத்தில் பெருநகரம். பல ஆட்டங்களில் வந்த அணியின் ரசிகர்களே இருக்கைகளைப் பிடித்துக்கொள்வார்கள். அதே இடத்தில் 35,000 இருக்கைக்கு மட்டும் புதிதாகக் கட்டுகிறது. இருக்கை குறைவு என்றால், வேண்டியவர் முன்கூட்டியே வாங்கித்தான் ஆகவேண்டும் என்பது கணக்கு. நார்த்வெஸ்டர்ன் ஆடும் அதே பிக் டென் கூட்டமைப்பில் இருக்கும் பென் ஸ்டேட், பிட்ஸ்பர்கிலிருந்தும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்தும் மணிக்கணக்கில் ஓட்டிவர வேண்டிய மலைநாட்டு ஊரில், தன் பீவர் ஸ்டேடியத்தைப் புதுப்பிக்க 70 கோடி டாலர் வரை ஒதுக்கியிருக்கிறது. அங்கே இருக்கை எண்ணிக்கையை லட்சத்துக்குக் கீழே இறக்கும் எண்ணம் யாருக்கும் இல்லை.